டீக்கடையில் குலுக்கிப்போட்ட கல்லூரி

1

போன வாரம் ரெசிடென்ட் கார்டு புதுப்பிக்கப் போயிருந்தேன். மஸ்கட்டில் எனக்குப் பிடித்த இடங்களில் அந்த அலுவலகமும் ஒன்று. சொன்னால் சிரிப்பார்கள். வாசலில் ஒரு இயந்திரம் இருக்கிறது. பட்டனை அமுக்கினால் எண் போட்ட சீட்டு வரும். அந்த எண் சுவரில் எரியும்வரை பெரிய முதலாளியும் உட்கார்ந்துதான் ஆகவேண்டும். முண்டியடிக்கத் தெரியாத, கூட்டத்தில் குரல் எழும்பாத என்னைப் போன்றவனுக்கு அதைவிட மரியாதை வேறில்லை.

என் எண் வந்ததும் மூன்று கார்டுகளையும் மேஜையில் வைத்தேன். கவுன்டரில் ஒரு ஓமானிப் பெண். என்னுடையது, என் மனைவி கலாவுடையது இரண்டையும் எடுத்துக்கொண்டு மூன்றாவதைத் தூக்கிக் காட்டினாள்.

"டாட்டர்?"

"நோ மேடம். கேன்சல்."

"மேரேஜ்?"

"நோ, நோ. ஸ்டடி. அமெரிக்கா."

அவள் முகம் மலர்ந்தது. "மாஷா அல்லாஹ். வாட் ஸ்டடி?"

ஒரு வருஷமாக இந்தக் கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கும் கிடைக்கவில்லை. "ஆல்" என்றேன்.

"ஆல்?"

"ஆல், மேடம்."

அவள் சிரித்துக்கொண்டே ஏதோ தட்டினாள். ஆறு வயதிலிருந்து என் பெயருக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருந்த என் மகள் அகல்யாவின் பெயர் கணினியிலிருந்து போனது. வெளியே வந்து காரில் ஏறினேன். சாவியைத் திருப்பக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அப்போதுதான் இதை எழுதலாம் என்று தோன்றியது. பத்தாவதோடு நிறுத்தியவன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வெல்டிங் பிடித்து, அதை வைத்து இங்கே வந்து, ஒரு பட்டறையில் ஃபோர்மேன் ஆனவன். எழுத்தில் தவறிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

அகல்யா போக ஆசைப்பட்ட கல்லூரி இஞ்சினீயரிங் கல்லூரி இல்லை, மருத்துவக் கல்லூரியும் இல்லை. போன டிசம்பரில் லீவில் கும்மிடிப்பூண்டி வந்தபோது என் மச்சான் குமார் வீட்டுக்கு வந்து விசாரித்தான். அவன் தொழிற்பேட்டையில் கம்பி உருட்டும் ஆலையில் சூப்பர்வைசர்.

"இன்னா மாமா, கம்ப்யூட்டரா?"

"இல்லடா. மொத ரெண்டு வருஷம் எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சம் படிப்பாங்களாம். கணக்கு, சரித்திரம், பாட்டு, செடிகொடி. அப்பறம் எது புடிக்குதோ அத்த எடுத்துக்கலாமாம்."

"அப்ப நம்ம பத்தாங்கிளாஸ் மாதிரின்னு சொல்லு. அதுக்கு இன்னாத்துக்கு அமெரிக்கா? இங்க ஸ்டேஷனாண்டயே கவர்மெண்ட் ஸ்கூல் கீதே."

அகல்யா உள்ளேயிருந்து, "மாமா, நீ பத்தாங்கிளாஸ்ல இன்னா படிச்ச?" என்றாள்.

"நா எங்கம்மா படிச்சேன். அட்டென்டன்ஸ் மட்டும் கரெக்டா இருக்கும்."

எல்லோரும் சிரித்தோம். அவள் மட்டும் சிரிக்கவில்லை, மறுபடி கணினிக்குள் போய்விட்டாள். மூன்று மாதமாக அப்படித்தான் இருந்தாள். அந்தக் கல்லூரிகளுக்கு மார்க் மட்டும் போதாது. நீ யார், உன்னைப் பற்றி எழுது என்று கேட்கிறார்கள். எழுதுவாள், அழிப்பாள், எழுதுவாள்.

"இன்னாம்மா எழுதற?"

"என்னப் பத்திப்பா."

"உன்னப் பத்தி அவ்ளோ இருக்குதா?"

கேலியாகத்தான் கேட்டேன். அவள் கணினியை மூடிவிட்டு என்னைப் பார்த்த பார்வையில், இருக்கிறது, உனக்குத்தான் தெரியாது என்று இருந்தது. அதற்கப்புறம் நான் கேட்கவில்லை. அவள் காட்டவும் இல்லை.

இரண்டு கல்லூரிகளை அவள் முக்கியமாக வைத்திருந்தாள். பெயர்கள் என் வாயில் நுழையாது. படத்தில் ஒன்று மலைமேல் இருந்தது, இன்னொன்று ஆற்றங்கரையில். ஆகவே எனக்கு ஒன்று மலைக் காலேஜ், இன்னொன்று ஆத்தங்கரைக் காலேஜ். அவள் உயிரெல்லாம் மலைக் காலேஜில். முழு உதவித்தொகையோடு இடம் கொடுத்தால்தான் நாங்கள் நினைத்துப் பார்க்கவே முடியும். அப்படிக் கொடுக்கிற இடங்கள் கொஞ்சம்தான், கேட்கிறவர்கள் உலகமெல்லாம்.

3

சிக்கல் லீவுக்கு முன்னால் மஸ்கட்டிலேயே ஆரம்பித்துவிட்டது. இந்த மாதிரி விண்ணப்பங்களைப் பார்த்துக்கொள்ள அகல்யாவின் பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் இருக்கிறார், மங்களூர்க்காரர். பெற்றோரைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். உங்கள் மகளைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். நான், "குட் கேர்ள். நோ டாக்" என்றேன். எதிர்த்துப் பேசமாட்டாள் என்று பெருமையாகச் சொல்ல நினைத்தேன். டீச்சர் எழுதிக்கொள்ளாமல் பேனாவைக் கீழே வைத்தார். அகல்யா கண்ணை மூடிக்கொண்டாள்.

பிறகு அவர் பொறுமையாக எனக்கு விளங்கும்படி ஒன்றைச் சொன்னார். மலைக் காலேஜ் இதுவரை எங்கள் பள்ளியிலிருந்து வருஷத்துக்கு ஒருவருக்கு மேல் எடுத்ததில்லை. சில வருஷம் ஒருவரும் இல்லை.

வெளியே வந்தால் அடுத்த நாற்காலியில் வெங்கடேசன் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் அவர் மகன் பிரதீப். வெங்கடேசனும் நானும் ஒரே கம்பெனி, அவர் ஸ்டோர்கீப்பர். ஒரே கட்டடம், எங்களுக்குக் கீழ் மாடி. அவருக்கு ஊத்துக்கோட்டைப் பக்கம் நெல் வயல். பன்னிரண்டு வருஷமாக ஒரு வீட்டுக் குழம்பு இன்னொரு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"இன்னாண்ணா, எந்தக் காலேஜு?" என்றார்.

"மலமேல இருக்குதே, அது."

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. "நம்மளுதும் அதாண்ணா."

அன்றிலிருந்து லிஃப்டில் பார்த்தால் இருவரும் கதவு மேல் எரியும் மாடி எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றோம். குழம்புக் கிண்ணம் போவதும் வருவதும் நின்றது. கலா ஒருநாள், "ஒரு எடம், ரெண்டு புள்ளைங்க. இன்னும் யாருக்கும் கெடைக்கல, அதுக்குள்ள ரெண்டு ஊடும் எழவு வுழுந்த மாதிரி கீது" என்றாள்.

என்னால் அதைத் தாங்க முடியவில்லை. என் மகள் ஜெயிக்க வேண்டும். அதற்காக வெங்கடேசன் மகன் தோற்க வேண்டும் என்று தொழுகைச் சத்தம் கேட்கும் விடியலில் படுக்கையில் கிடந்து நான் வேண்டிக்கொள்வதாக எனக்கே தோன்றியது. முறை வைத்துத் தீர்க்க வேண்டியதைத் தீர்க்காமல் விட்டுவிட்டோம் என்று பட்டது.

4

நான் ஏன் அப்படி நினைத்தேன் என்பதைச் சொல்லவேண்டும். நான் பழவேற்காடு ஏரியை ஒட்டிய ஒரு குப்பத்தில் பிறந்தவன். கடலும் ஏரியும் சேரும் வாய்ப்பக்கம் நல்ல மீன் படும் இடங்களுக்கு எங்களில் பாடு என்று பெயர். எல்லோரும் ஒரே இடத்தில் வலை போட்டால் வலையும் கிழியும், மண்டையும் உடையும். அதனால் இன்றைக்கு யார், நாளைக்கு யார் என்று முறை வைத்திருப்பார்கள். இரண்டு வலை ஒரே பாட்டுக்கு நின்றால் சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். விழுந்தவன் போவான், விழாதவன் அடுத்த இடத்துக்குப் போவான். விழுந்த சீட்டை மறுத்துப் பேசியவனிடம் ஊரில் யாரும் தீப்பெட்டிகூடக் கேட்க மாட்டார்கள். நான் சின்ன வயதிலேயே தண்ணீரை விட்டு இரும்புக்கு வந்துவிட்டேன். ஆனால் அந்தக் கணக்கு என்னை விட்டுப் போகவில்லை.

டிசம்பர் லீவில் இரண்டு குடும்பமும் ஊருக்கு வந்திருந்தோம். விண்ணப்பம் அனுப்பும் கடைசி நாளுக்கு ஒரு வாரம்கூட இல்லை. வெங்கடேசனுக்குப் போன் போட்டு, பேசவேண்டும் என்றேன். தொழிற்பேட்டை நுழைவாயில் பக்கத்து டீக்கடைக்கு பைக்கில் வந்தார். மதிய ஷிப்டு மாறுகிற நேரம், ஹெல்மெட்டோடு ஆட்கள் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன். ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஓர் இடம். இரண்டு பேரும் போட்டால் இரண்டும் கெட்டுப்போகும். சீட்டுப் போடுவோம். விழுந்தவர் பிள்ளைக்கு மலைக் காலேஜ். மற்றவர் பிள்ளை ஆத்தங்கரைக் காலேஜுக்குப் போடட்டும். ஒருத்தர் இடத்தில் ஒருத்தர் வரக்கூடாது.

வெங்கடேசன் ரொம்ப நேரம் டீயை ஆற்றினார். "எங்க ஏரியிலயும் முறைத்தண்ணி உண்டுண்ணா. ஒரு நாளு மேல் வயலுக்கு, ஒரு நாளு கீழ் வயலுக்கு. மதகாண்ட வெட்டுக்குத்து ஆவாம இருக்கறது அதாலதான்" என்றார். பிறகு, "போட்டுப் பாக்கலாம்" என்றார். அவர் நெற்றி வியர்த்திருந்தது. எனக்கும் வியர்த்துக்கொண்டிருந்ததால் அதை நான் யோசிக்கவில்லை.

பேப்பர் கப்பைக் கிழித்து ஒரு துண்டில் 'அ', ஒரு துண்டில் 'பி' எழுதி மடித்தேன். டீ மாஸ்டர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாண்ணா, கொழந்தைக்குப் பேர் வெக்கிறீங்களா?"

"ஒண்ண எடுத்துக் குடுங்க மாஸ்டர்."

"கெலிச்சா இன்னா குடுப்பீங்க?"

"எடுங்க."

கையைத் துடைத்துக்கொண்டு கண்ணாடி டம்ளரில் போட்டுக் குலுக்கி எடுத்தார். பிரித்தார். "பி" என்றார்.

வெங்கடேசன் முகத்தில் சந்தோஷம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. என்மேல் இருக்கும் மரியாதையால் அடக்கிக்கொள்கிறார் என்று நினைத்தேன். அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "பேச்சு பேச்சுதான்" என்றேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சங்கு ஊதி, ஷிப்டு ஆட்கள் எல்லோரும் ஒரேயடியாக எழுந்தார்கள். அவர் பைக்கை உதைத்துக்கொண்டு போய்விட்டார்.

5

இரண்டு நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன். அகல்யா சாப்பாட்டுக்குக்கூட எழாமல் தட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் கலாவிடம் மெல்லச் சொன்னேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்தினாள்.

"இன்னாயா பண்ணிட்டு வந்துகீற?"

"சண்டை வேணாம்னுதான்…"

"நீயே போய் அவகிட்ட சொல்லு. நா சொல்லமாட்டேன்."

போய்ச் சொன்னேன். அகல்யா முதலில் நான் தமாஷ் செய்வதாக நினைத்தாள். பிறகு நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"டீக்கடைல?"

"ஆமா."

"பேப்பர் கப்புல?"

"ம்."

"அப்பா, அவங்க ஒரு ஸ்கூலுக்கு ஒரு சீட்னு வெக்கலப்பா. ரெண்டு பேரையும் எடுக்கலாம். ரெண்டு பேரையும் எடுக்காமலும் இருக்கலாம். அவங்க தண்ணிய நீங்க ரெண்டு பேரும் எப்படிப்பா பங்கு போட்டீங்க?"

"பாடு மாதிரி…" என்று இழுத்தேன்.

"பாடுதானே? நீ எத்தினி வாட்டி சொல்லிகீற எனக்கு. சீட்டுப் போடும்போது யார் நிப்பாங்க?"

"வலைக்காரன்."

"இங்க வலை யார்து?"

நான் அவள் கணினியைப் பார்த்தேன்.

"மூணு மாசமா நாந்தான் பின்னிக்கினு கீறேன். என்ன ஒரு வார்த்த கேட்டியா? பிரதீப்ப அவங்க அப்பா கேட்டாரா?" அவள் நாற்காலியை மறுபடி திருப்பிக்கொண்டாள். "குட் கேர்ள், நோ டாக். அதானே நீ என்னப் பத்தி சொல்ற ஒரே விஷயம்."

கலா கதவோரம் நின்றிருந்தாள். நாளைக் காலை பத்தரைக்கு நம் நேரப்படி விண்ணப்பம் மூடுகிறது. எல்லாம் தயார், அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. நான் தலையைக் குனிந்துகொண்டு, "அனுப்பிடும்மா. பேச்ச நா பாத்துக்கறேன்" என்றேன்.

"அனுப்புவேன். ஆனா திருட்டுத்தனமா அனுப்பமாட்டேன். மஸ்கட் போனா பிரதீப் மூஞ்சிலதான் நா முழிக்கணும். நீ குடுத்த வாக்க நீயே போய் வாங்கிக்கினு வா. அப்பறம் பட்டன அமுக்கறேன்."

"போன் போட்டு சொல்லிடறேன்."

"சீட்டு நேர்ல, வாபஸ் மட்டும் போன்லயா?" என்றாள் கலா.

இருந்தும் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டேன். வெங்கடேசன் எடுக்கவில்லை. சாயங்காலம் வரை அவர் எடுக்கவே இல்லை.

6

காலையில் முதல் பஸ் பிடித்தேன். ராத்திரி பிடித்த மழை விடவில்லை. கவரப்பேட்டை தாண்டியதும் ரோட்டோரப் பள்ளமெல்லாம் தண்ணீர். பஸ் மாட்டுவண்டி மாதிரி போயிற்று. நான் வாக்குத் தவறியதே இல்லை என்று பெருமை பேசுகிறவன் இல்லை. ஆனால் விழுந்த சீட்டைத் திருப்பிக் கேட்கப் போகிறவன் எங்கள் குப்பத்தில் எப்படிப் பார்க்கப்படுவான் என்று எனக்குத் தெரியும். சொல்லவேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஆரம்பம் வேறாக வந்தது.

ஊத்துக்கோட்டையில் இறங்கி ஷேர் ஆட்டோவில் அவர் கிராமம் போய்ச் சேர்ந்தபோது எட்டரை தாண்டிவிட்டது. வெங்கடேசன் வாசலில் நின்று வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவர் முகம் போன போக்கை இப்போதும் மறக்க முடியவில்லை. கோபம் இல்லை. பயம்.

"வாண்ணா. மழைல நனஞ்சிக்கினு… நாஷ்டா சாப்ட்டியா?"

"ஆச்சு."

"எங்க ஆச்சு. ஒக்காரு."

அவர் மனைவி இட்லியும் வேர்க்கடலைச் சட்னியும் வைத்தார். வெங்கடேசன் நிறுத்தாமல் பேசினார். நாற்று மூழ்கிவிட்டதைப் பற்றி, மோட்டார் கொட்டகையில் பாம்பு வந்ததைப் பற்றி, பஞ்சாயத்துக்காரர் கால்வாய் தூர்வாராததைப் பற்றி. நான் "ம்" போட்டேன். சுவர்க் கடிகாரம் என் எதிரிலேயே இருந்தது. உள்ளே அறையில் பிரதீப் நடமாடும் சத்தம் கேட்டது. இரண்டு இட்லி தின்றேன், மூன்றாவதைப் பிட்டேன். ஒன்பது அடித்தது.

"வெங்கடேசா, நா ஒண்ணு சொல்லணும்."

"நானும் ஒண்ணு சொல்லணும்ணா. நீ மொதல்ல சாப்பிடு."

"சாப்பிட்டா சொல்லமாட்டேன்." இட்லியைத் தட்டில் போட்டேன். "அந்த சீட்டு செல்லாது. நா போட்டது தப்பு. வலை எம்பொண்ணுது, சீட்டு நா எடுத்தேன். அவ மலைக் காலேஜுக்கு அனுப்பப்போறா. உங்கிட்ட சொல்லாம அனுப்பமாட்டேன்னு ஒக்காந்துனு கீறா. என்ன எவ்ளோ வேணா திட்டிக்க."

அவர் திட்டவில்லை. உள் அறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு என்னை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனார். மழைச் சத்தத்தில் என் காதருகே வந்து சொன்னார்.

"அவனுக்கு அங்க இல்லன்னு பதில் வந்து பத்து நாளாச்சுண்ணா."

"எப்பிடி? இன்னும் நாளு முடியலியே?"

"முன்னாடியே போடற ஒரு முறை கீதாம். எடம் குடுத்தா கண்டிப்பா அங்கயே வர்றேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போடறது. நவம்பர்லயே போட்டுட்டான். யார்கிட்டயும் சொல்லாத நைனான்னு கால்ல வுழாத கொறையா கேட்டான். ஒரு வாரம் சரியா துன்னல."

"அப்ப டீக்கடைல எதுக்கு…"

"நீ வந்து சீட்டுன்ன உடனே உனக்கே வுழுந்துடும், பேச்சு இதோட முடிஞ்சிடும்னு நெனச்சேன். எனக்குப் போய் வுழுந்துச்சு பாரு!" அவர் தலையில் அடித்துக்கொண்டார். "ஆகாத எடத்துக்கு எம்புள்ளைக்கு சீட்டு. அன்னிலருந்து உன் போன் வந்தா எனக்கு பேதி ஆவுதுண்ணா. உன் பொண்ணு வாழ்க்கைய நா புடிச்சிக்கினு கீறேன், சொல்லவும் முடியல, வுடவும் முடியல. எவ்ளோ பேஜாரு தெரியுமா?"

இரண்டு நடுவயது ஆண்கள் மழையில் தாழ்வாரத்தின் கீழ் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு அவரை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிப்பிடிக்கலாம் போலவும் இருந்தது. இரண்டும் எனக்குப் பழக்கமில்லை. போனை எடுத்தேன். ஒரு கோடுகூட சிக்னல் இல்லை.

"மழை வந்தா இங்க எடுக்காதுண்ணா. ஏரிக்கரை மேல ஏறு, அங்கதான் கெடைக்கும்."

அவர் உரச்சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு முன்னால் ஓடினார். நான் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன். வரப்பெல்லாம் சேறு. ஒரு இடத்தில் முழங்கால் வரை இறங்கிவிட்டேன், செருப்பு உள்ளேயே போயிற்று. அவர் கையைக் கொடுத்து இழுத்தார். கரை மேல் மதகுக் கட்டையருகில் போன் உயிர் பெற்றது. முதல் மணியிலேயே அகல்யா எடுத்துவிட்டாள்.

"சொல்லிட்டியாப்பா?"

"சொல்லிட்டேம்மா."

"அங்கிள் இன்னா சொன்னாரு?"

பக்கத்தில் வெங்கடேசன் சாக்குக்கு அடியிலிருந்து கையைக் கூப்பிக்கொண்டு நின்றார்.

"சரின்னாரு" என்றேன். "நீ அனுப்பு."

பட்டனைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "போயிடுச்சுப்பா" என்றாள். மூச்சை விட்டாள். "நனஞ்சிக்கினா கீற? கொடை எத்துக்கினு போகலியா?"

மூன்று மாதத்தில் அவள் என்னைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது.

7

மஸ்கட் திரும்பினோம். குழம்புக் கிண்ணம் மறுபடி ஏறி இறங்க ஆரம்பித்தது. மார்ச் கடைசியில் பதில்கள் வந்தன. ஆத்தங்கரைக் காலேஜ் முழு உதவியோடு இடம் கொடுத்தது. மலைக் காலேஜ் இல்லையென்றும் சொல்லவில்லை, ஆமென்றும் சொல்லவில்லை. காத்திருப்போர் பட்டியலில் வைத்திருக்கிறோம், விருப்பமிருந்தால் இருக்கலாம் என்று எழுதியிருந்தது.

எனக்கு அது நல்ல செய்தியாகவே பட்டது. பட்டியல் என்றால் வரிசை, வரிசை என்றால் முறை. இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு வரும். வெங்கடேசனிடம் சொன்னேன். அவர் லிஃப்டில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் மெதுவாகக் கேட்பார்.

"மதகு தெறந்தாங்களாண்ணா?"

"இன்னும் இல்ல."

"தெறப்பாங்க. மேல் வயலு குடிச்சதும் கீழ வந்துதான ஆவணும்."

ஏப்ரல் போயிற்று. மே போயிற்று. பிரதீப் சென்னையில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் சேர்ந்துவிட்டான். தனக்கு வந்த பதிலை அவனே அகல்யாவிடம் சொல்லிவிட்டானாம், பிள்ளைகள் எங்களைவிட தைரியசாலிகள். ஜூன் வெயிலில் பட்டறைக் கூரை அனலாக இறங்கும்போதும் நான் மலைக் காலேஜையே நினைத்துக்கொண்டிருந்தேன். வாக்கைத் திரும்ப வாங்கியது அதற்காகத்தானே. ஒருநாள் பொறுக்கமுடியாமல் அகல்யாவிடம் கேட்டேன்.

"அந்த லிஸ்ட்டு இன்னாம்மா ஆச்சு? நீ எத்தினாவது?"

அவள் பெட்டிக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அதுலருந்து ஏப்ரல்லயே வெளிய வந்துட்டேன்பா."

"வெளிய வந்துட்டியா? ஏன்?"

"நானும் உன்ன மாதிரிதான் அவங்களக் கேட்டேன். நா எத்தினாவதுன்னு. எங்க லிஸ்ட்டுக்கு வரிசையே கெடையாதுன்னு பதில் போட்டாங்க. யாரு வேணும்னு தோணுதோ அவங்கள அப்பப்ப எடுத்துப்பாங்களாம்." ஒரு சட்டையை உதறினாள். "வரிசை இல்லாத எடத்துல நா எதுக்குப்பா நின்னுக்கினு இருக்கணும்? இங்க ஒருத்தங்க வான்னு கூப்பிட்டுக்கினு கீறாங்க."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் குப்பத்தில் ஒரு கிழவன் பேசுகிற மாதிரி இருந்தது. அந்த ஏரியை அவள் நாலைந்து முறை பார்த்திருந்தால் அதிகம்.

"உங்கிட்ட சொன்னா வருத்தப்படுவன்னுதான் சொல்லல" என்றாள். பிறகு விரலை நீட்டி, "நீயும் அங்கிளும் டீக்கடை சீட்டு பலிச்சிடுச்சுன்னு மட்டும் பேசிக்காதீங்க. இது நா எடுத்தது" என்றாள்.

"சரிம்மா" என்றேன்.

கீழே போனேன். வெங்கடேசன் கதவைத் திறந்தவுடன் வழக்கம்போல, "மதகு…" என்று ஆரம்பித்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணைச் சுருக்கி, விரலால் காற்றில் ஏதோ கணக்குப் போட்டுப் பார்த்தார். பிறகு முகமெல்லாம் பல்லாகி, கட்டடம் அதிரக் கத்தினார்.

"பலிச்சிடுச்சேண்ணா! அகல்யாக்கு ஆத்தங்கரை! அப்படியே பலிச்சிடுச்சே!"

அவர் வாயை என் கையால் பொத்தினேன். "மெதுவா பேசுயா. மேல கேக்கப்போவுது."

இதை எழுதியதும் கீழே போய் வெங்கடேசனிடம்தான் முதலில் படித்துக் காட்டினேன். பெயரை மட்டும் மாற்றிவிடு, மற்றதெல்லாம் உண்மைதான் என்றார். மாற்றிவிட்டேன். படித்து முடித்ததும் பழக்கத்தில் மறுபடி, "என்ன இருந்தாலும் பலிச்சிடுச்சுண்ணா" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். சொல்லிவிட்டு இருவரும் ஒரே சமயத்தில் கூரையைப் பார்த்தோம். இப்போது சத்தமாகவே பேசலாம். மேலே அகல்யா அறையில் யாரும் இல்லை.